75,000 ரூபாய்க்கு கேமிங் லேப்டாப்: புதுசா, பழசா, சாதா லேப்டாப்பே போதுமா?

பொறியியல் கவுன்சலிங் நடக்கும் மாதங்களில் என் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி பல பெயர்களில் வந்து விழும். "அண்ணா, 75க்குள்ள ஒரு கேமிங் லேப்டாப் சொல்லுங்க. காலேஜுக்கும் ஆகணும்." இரண்டாவது வாக்கியம் அப்பாவுக்காகச் சேர்த்தது என்று எனக்கும் தெரியும், கேட்கிற தம்பிக்கும் தெரியும். பரவாயில்லை, நானும் அப்படிச் சொல்லி வாங்கியவன்தான்.

ஒரு மாடல் பெயரை அனுப்பிவிட்டால் என் வேலை முடிந்தது. ஆனால் அந்த மாடல் அடுத்த மாதம் கடையில் இருக்காது. இருந்தாலும் அதே பெயருக்குள் வேறு திரை, வேறு ரேம் போட்டு வைத்திருப்பார்கள். அதனால் மாடல் பெயர் எதுவும் சொல்லப்போவதில்லை. இந்தப் பணத்துக்கு எட்டும் நான்கு வழிகளை எடுத்துக்கொள்வோம்: என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 3050 கிராஃபிக்ஸ் கார்டு (படத்தை வரையும் தனி சிப்) போட்ட புது லேப்டாப், கொஞ்சம் இழுத்துப் பிடித்து ஆர்டிஎக்ஸ் 4050, செகண்ட் ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 3060, தனி கிராஃபிக்ஸ் கார்டே இல்லாத நல்ல சாதா லேப்டாப். போகிற போக்கில் டெஸ்க்டாப்பையும் எட்டிப் பார்ப்போம்.

விலையெல்லாம் தோராயம்தான். 2025 கடைசியில் ரேம் விலை ஏறத் தொடங்கியதிலிருந்து லேப்டாப் விலையும் ஒரு நிலையில் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தைய யூடியூப் வீடியோவைக் காட்டிப் பேரம் பேசினால் கடைக்காரர் சிரிப்பார்.

## எதை வைத்து அளப்பது

என்ன விளையாடப் போகிறீர்கள்? இதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். வேலோரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2, ஜிடிஏ 5 என்று நண்பர்களோடு ஆடுகிறவருக்குத் தேவைப்படும் மெஷின் வேறு. சைபர்பங்க் 2077, எல்டன் ரிங் என்று கதை விளையாட்டுகளில் மூழ்குகிறவருக்குத் தேவைப்படுவது வேறு. என்னைக் கேட்பவர்களில் பாதிப்பேர் முதல் ரகம். இரண்டாவது ரகத்துக்கான லேப்டாப்பை வாங்கி, வேலோரன்ட் மட்டும் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

கிராஃபிக்ஸ் மெமரி எவ்வளவு? கார்டின் தனி மெமரி நிரம்பிவிட்டால், மிச்சப் படங்களை கேம் சாதாரண ரேமிலிருந்து இழுத்து வர வேண்டும். அந்தப் பாதை மெதுவானது. சராசரி ஃபிரேம் (நொடிக்கு எத்தனை படம்) எண்ணிக்கை நன்றாகத்தான் தெரியும். ஆனால் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் படம் ஒரு நொடி திக்கும். சைபர்பங்க் இப்போது குறைந்தபட்சமாகக் கேட்பதே 6 ஜிபி கார்டு. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டு 8 ஜிபி கேட்கிறது, ரே டிரேசிங் (ஒளி, நிழலை நிஜம்போலக் கணக்கிட்டு வரைவது) வசதியும் கட்டாயம். ஆக 4 ஜிபி கார்டோடு புது லேப்டாப் வாங்குவது, கிளம்பும்போதே பாதி பெட்ரோலில் கிளம்புவது மாதிரி.

கார்டுக்கு எத்தனை வாட்? விளம்பரத்தில் வராத விஷயம் இது. ஆர்டிஎக்ஸ் 4050 என்று ஸ்டிக்கர் ஒட்டிய லேப்டாப்பில் அந்தக் கார்டை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் ஓட்டிக்கொள்ள கம்பெனிக்கு அனுமதி உண்டு. மெல்லிய உடம்பு வேண்டும் என்றால் வாட்டைக் குறைத்துவிடுவார்கள். பெயர் ஒன்றுதான், ஓட்டம் ஒன்றல்ல. முழு வாட் கிடைத்த 3050, பட்டினி போட்ட 4050-யை நெருங்கிவிடும் நிலைகூட உண்டு. கடையில் டெமோ பீஸ் இருந்தால் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷனுக்குப் போங்கள். மேக்சிமம் கிராஃபிக்ஸ் பவர் என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில் 45 என்று இருக்கிறதா, 95 என்று இருக்கிறதா? அதைப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

நீங்கள் ஆடும் அறை எவ்வளவு சூடு? ரிவ்யூ செய்பவர்கள் ஏசி அறையில் 24 டிகிரியில் உட்கார்ந்து சோதிப்பார்கள். வேலூரில் மே மாதம் மின்விசிறிக்குக் கீழே 38 டிகிரி. அறை எத்தனை டிகிரி கூடுகிறதோ கிட்டத்தட்ட அத்தனை டிகிரி சிப்பும் கூடும். பிராசஸர் 95, 100 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெரிய விசிறி, பின்பக்கமும் பக்கவாட்டிலும் திறந்த காற்றுவழி, கொஞ்சம் தடித்த உடம்பு என்று கேட்பது அழகுக்காக இல்லை.

ரேம் ஒற்றையா, இரட்டையா? இதற்கு ஒரு வீட்டுக் கதை. சித்தி பையன் ஒருத்தன் 3050 லேப்டாப் வாங்கினான். உள்ளே 8 ஜிபி ரேம், ஒரே குச்சி. ஜிடிஏ 5 ஓடும்போது பின்னால் பேச்சு ஆப் டிஸ்கார்டும் குரோமும் திறந்திருந்தால் போதும், படம் திக்கித் திக்கி வரும். கார்டுதான் மோசம் என்று ஒரு மாசம் புலம்பினான். பொங்கலுக்கு வந்தபோது அவன் லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு அடிமூடியைக் கழற்றினேன். ரேமுக்கு இரண்டு பள்ளம், ஒன்று காலி. இன்னொரு 8 ஜிபி குச்சியைச் செருகி மூடியதும் திக்கல் போய்விட்டது. அளவு கூடியது ஒரு காரணம். இரண்டு குச்சியாக இருந்தால் ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவே பாதை இரட்டிப்பாவது இன்னொரு காரணம். அவன் வாங்கிய கடையில் "கழட்டினா வாரன்டி போயிடும் தம்பி" என்று சொல்லி வைத்திருந்தார்களாம். ரேம் மாற்றுவதைப் பல கம்பெனிகள் அனுமதிக்கின்றன. கடையை விட்டுவிட்டு சர்வீஸ் சென்டரிடமே கேளுங்கள்.

## 1. புது ஆர்டிஎக்ஸ் 3050: பட்ஜெட்டுக்குள் நிற்பது

55,000-லிருந்து 70,000 வரை. பட்ஜெட்டுக்குள் மிச்சம் வைக்கும் ஒரே புது கேமிங் லேப்டாப் இதுதான். ஆனால் 3050 என்ற பெயரில் இரண்டு பேர் உலவுகிறார்கள். 2021-இல் வந்தது 4 ஜிபி. பிற்பாடு வந்தது 6 ஜிபி, உள்ளே வேலை செய்யும் கோர் 2,560. பழையதில் 2,048 தான். விலை வித்தியாசம் சில ஆயிரம் இருந்தாலும் 6 ஜிபியை எடுங்கள். இதே வரிசையில் ஆர்டிஎக்ஸ் 2050 என்று ஒன்று கண்ணில் படும்: 4 ஜிபி மெமரி, அதுவும் கார்டுக்கும் அதன் மெமரிக்கும் நடுவே 64 பிட் குறுகிய பாதை. அதைக் கேமிங் லேப்டாப் என்று அழைப்பது விற்பவரின் உரிமை, நம்புவது நம் விருப்பம்.

பிராசஸரைப் பற்றி இந்த விலையில் ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். ஐ5 12450எச், 13420எச் இரண்டும் 8 கோர்தான்; 13 என்ற எண்ணுக்காக நாலாயிரம் கூடக் கொடுக்காதீர்கள்.

மறைமுகச் செலவு இங்கே கொஞ்சம் ஜாஸ்தி. ரேம் ஒற்றைக் குச்சியாக வரும், இன்னொன்று வாங்க வேண்டும். 512 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ் போக மிச்சத்தில் நாலு பெரிய கேம்கூட நிற்காது. பிளாக் மித் வூகாங் ஒன்றே 130 ஜிபி கேட்கிறது. திரையும் சிக்கனமானது. "45 சதவீதம் என்டிஎஸ்சி" (திரை காட்டும் நிறங்களின் அளவு) என்று விவரப் பட்டியலில் இருந்தால், சிவப்பு செங்கல் நிறத்தில் தெரியும் என்று அர்த்தம். விளையாட்டுக்குப் பழகிவிடும். வீடியோ எடிட்டிங், டிசைன் வேலை உள்ளவர்கள் இங்கேயே யோசிக்க வேண்டும்.

ஆன்லைன் ஷூட்டர்கள்தான் முக்கியம், கதை விளையாட்டுகளை மீடியம் செட்டிங்கில் ஆடினாலும் சரி, வாரன்டி கட்டாயம் வேண்டும் என்பவருக்கு இது பொருந்தும்.

## 2. புது ஆர்டிஎக்ஸ் 4050: பட்ஜெட்டைக் கொஞ்சம் தாண்டினால்

75,000-லிருந்து 90,000 வரை அலையும். ஆடித் தள்ளுபடி, தீபாவளி ஆன்லைன் விற்பனை, பேங்க் கார்டு சலுகை எல்லாம் கூடி வரும் நாளில் 75-க்குக் கீழேயும் இறங்கியதுண்டு. கல்லூரி திறக்கும் அவசரம் இல்லையென்றால் காத்திருக்கலாம்.

6 ஜிபி மெமரிதான். ஆனால் 3050-யை விட ஒரு படி தெளிவாக மேலே. குறைந்த மின்சாரத்தில் அதிக வேலை செய்கிறது. நம் ஊர் வெயிலுக்கு அது பெரிய விஷயம். டிஎல்எஸ்எஸ் ஃபிரேம் ஜெனரேஷன், அதாவது நடுவில் கார்டே கூடுதல் ஃபிரேம்களை உருவாக்கிச் செருகும் வசதி, 40 வரிசையிலிருந்துதான் கிடைக்கும். அது ஆன்லைன் ஷூட்டருக்கு உதவாது, கதை விளையாட்டுகளில் நன்றாகவே உதவும். அடிப்படை ஓட்டமே 25, 30 ஃபிரேமில் தள்ளாடினால் இதைப் போட்டாலும் நாம் அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் நடுவே மந்தம் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இழுத்துப் பிடித்து வாங்குபவர்கள் விழும் குழி இஎம்ஐ. "நோ காஸ்ட்" என்று எழுதியிருந்தாலும் பிராசசிங் கட்டணம் உண்டு, பேங்க் கணக்கிடும் வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் நம் தலையில்தான். பெரிய தொகை இல்லை, ஆனால் நோ காஸ்ட்டும் இல்லை. இரண்டாவது குழி நான் மேலே சொன்ன வாட். 80,000 கொடுத்து 45 வாட் 4050 வாங்குவதை விட 62,000-க்கு முழு வாட் 3050 6 ஜிபி வாங்கி, மிச்சத்தில் ரேமும் எஸ்எஸ்டியும் போட்டுக்கொள்வது எவ்வளவோ மேல்.

2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5050-க்கு 8 ஜிபி மெமரி. எந்தத் தள்ளுபடியிலாவது 4050 விலையை ஒட்டி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள். அதற்காகவே ஒரு வருஷம் காத்திருக்காதீர்கள்.

நாலு வருஷம் இந்த ஒரே மெஷின்தான், கதை விளையாட்டுகளும் வேண்டும் என்றால் இந்த வழி.

## 3. செகண்ட் ஹேண்ட் ஆர்டிஎக்ஸ் 3060: கையில் காசு நிற்கும், ராத்திரி தூக்கம் நிற்காது

45,000-லிருந்து 60,000 வரை. 2021, 2022-இல் லட்சத்தைத் தொட்டு விற்ற மெஷின்கள் இவை. 6 ஜிபி, 192 பிட் அகலப் பாதை; ஓட்டத்தில் 4050-க்கு ஏறக்குறைய சமம். அதோடு, அப்போது மேல்தட்டு மாடல் என்பதால் திரை, கீபோர்டு, விசிறி எல்லாம் இன்றைய 60,000 ரூபாய் லேப்டாப்பை விட ஒரு தரம் கூட. காகிதத்தில் பார்த்தால் இதுதான் ஜெயிக்க வேண்டும்.

ஆனால் வாங்கப்போவது ஒரு குறிப்பிட்ட பீஸ், அதை ஒருவர் நாலு வருஷம் ஓட்டியிருக்கிறார். சென்னை அண்ணா சாலையிலிருந்து எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் நுழைந்து, ஒரு குறுகிய மாடிப்படி ஏறி, மேஜையில் ஆறு லேப்டாப் வரிசையாகத் திறந்து வைத்திருக்கும் கடையில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கும் வரிசை இது:

முதலில் கீபோர்டு. கேமில் நடக்க அழுத்தும் டபிள்யூ, ஏ, எஸ், டி நாலும் எண்ணெய் தடவியது போல் மினுங்கும், அது சகஜம். உள்ளங்கை வைக்கும் இடமும் வழவழத்துப்போயிருந்தால் வண்டி நிறைய ஓடியிருக்கிறது. அடுத்து மூடியை ஒரு மூலையைப் பிடித்து மெதுவாகத் திறக்க வேண்டும். கீல் பக்கம் அடிமூடி வாயைப் பிளந்தால், உள்ளே பிளாஸ்டிக் உடைந்திருக்கிறது. எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

பிறகு பேட்டரி. விண்டோஸே ஓர் அறிக்கை தரும். அதில் டிசைன் கெப்பாசிட்டி ஓர் எண், ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி ஓர் எண். முதல் எண் 80,000, இரண்டாவது 44,000 என்றால் பாதி ஆயுள் போயிற்று, புது பேட்டரிக்கான காசை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தைப் பார்க்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சாஃப்ட்வேர். கடைசியாக, கார்டை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கும் ஃபர்மார்க் சாஃப்ட்வேரைப் போட்டு, பக்கத்தில் வெப்பநிலையைத் திறந்து வைத்துக்கொண்டு 15 நிமிஷம் ஓட விட வேண்டும். கடைக்காரர் டீ சொல்வார், பேச்சுக் கொடுப்பார். குடித்துக்கொண்டே எண்ணைப் பாருங்கள். ஐந்தாம் நிமிஷமே வாட் சரிந்து விசிறி அலறினால் சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துவிட்டது. அதை மாற்றிவிடலாம். திரையில் கோடோ புள்ளியோ தெறித்தால் கார்டே போகப்போகிறது. எழுந்து வந்துவிடுங்கள், டீக்கு நன்றி சொல்லிவிட்டு.

மைனிங் பயம், அதாவது கிரிப்டோ காசு தோண்ட இராப்பகலாக ஓட்டிய மெஷினோ என்ற பயம், பலருக்கு உண்டு. கார்டுகளை வைத்து எதீரியம் என்ற கிரிப்டோ காசைத் தோண்டுவது 2022 செப்டம்பர் 15-ஆம் தேதியோடு முடிந்தது. 2021-இல் வாங்கிய மெஷின் அதுவரை ஒரு வருஷம் இராப்பகலாக ஓடியிருக்க வாய்ப்புண்டு. சிப்பை விட விசிறியும் தெர்மல் பேடும்தான் அதில் அடிவாங்கும், அந்த 15 நிமிஷச் சோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சார்ஜரை மறக்காதீர்கள். இந்த மெஷின்களுக்கு 180 முதல் 230 வாட் ஒரிஜினல் சார்ஜர் வேண்டும். டூப்ளிகேட் கொடுத்துச் சமாளிப்பார்கள். விளையாடும்போது பேட்டரி இறங்கிக்கொண்டே போனால் அதுதான் காரணம். சீரியல் நம்பர் போட்ட பழைய பில் இல்லாமல் காசு கொடுக்கவே கூடாது.

கழற்றி மாட்டத் தெரிந்தவர், அல்லது தெரிந்த நண்பர் உள்ளவர், இன்னொரு லேப்டாப் வீட்டில் உள்ளவர் எடுக்கலாம். முதல் செமஸ்டரில் ஒரே மெஷினை நம்பி ஹாஸ்டலுக்குப் போகிற தம்பிக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

## 4. தனி கார்டு இல்லாத லேப்டாப்: யாரும் கேட்காத, பலருக்குப் பொருந்தும் வழி

45,000-லிருந்து 60,000. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் இன்று பழைய காலத்துச் சமாச்சாரம் இல்லை. ரேடியான் 680எம், 780எம் என்ற உள் கிராஃபிக்ஸ் உள்ள ஏஎம்டி ரைசன் மெஷினில் வேலோரன்ட் வழுக்கிக்கொண்டு போகும், ஜிடிஏ 5 தாராளமாக ஓடும். ஒன்றரைக் கிலோ எடை, சின்ன சார்ஜர், வகுப்பில் ஐந்தாறு மணி நேரம் பேட்டரி. கேமிங் லேப்டாப் என்றால் இரண்டேகால் கிலோவுக்கு மேல், செங்கல் மாதிரி சார்ஜர் தனி. பேட்டரியில் விளையாடினால் ஒரு மணி நேரம் தாண்டுவதே பெரிது.

இங்கே ஏமாற்றம் பெயரில் இருக்கிறது. ரைசன் 5 7520யு என்று பார்த்ததும் 7000 வரிசை, புதுசு என்று தோன்றும். மூன்றாவது இலக்கம் 2 என்றால் உள்ளே இருப்பது 2019 காலத்து ஜென் 2 வடிவமைப்பு; கிராஃபிக்ஸ் 610எம், வெறும் இரண்டு யூனிட். 680எம்-இல் 12. இன்டெலில் இன்னொரு வேடிக்கை: ஐரிஸ் எக்ஸ்இ என்ற நல்ல உள் கிராஃபிக்ஸ் உள்ள பிராசஸர்தான், ஆனால் ஒற்றை ரேம் குச்சி போட்டால் விண்டோஸ் அதை அடிமட்ட ரகமான வெறும் யுஎச்டி என்றே காட்டும், ஓட்டமும் அப்படியே இருக்கும். தனி மெமரி இல்லாததால் இந்த வகைக்கு இரட்டை ரேம் உயிர் மாதிரி. ரேம் போர்டிலேயே ஒட்டி வந்தால் 16 ஜிபி இல்லாமல் எடுக்காதீர்கள்.

கதை விளையாட்டுகளுக்கு இது ஆகாது, இழுத்தடித்து லோ செட்டிங்கில் பார்க்கலாம். படிப்பு முக்கியம், ராத்திரி நண்பர்களோடு இரண்டு மேட்ச் என்று உண்மையாகவே இருப்பவருக்கு, மிச்சமாகும் இருபதாயிரம் வேறு எதற்காவது ஆகும்.

## ஒரே பார்வையில்

| | விலை (சுமார்) | கார்டு மெமரி | வாங்கியபின் செலவு | பெரிய ஆபத்து |
|---|---|---|---|---|
| புது 3050 | 55–70 ஆயிரம் | 4 அல்லது 6 ஜிபி | ரேம், எஸ்எஸ்டி | 4 ஜிபியை எடுத்துவிடுவது |
| புது 4050 | 75–90 ஆயிரம் | 6 ஜிபி | இஎம்ஐ கட்டணங்கள் | குறைந்த வாட் மாடல் |
| பழைய 3060 | 45–60 ஆயிரம் | 6 ஜிபி | பேட்டரி, பேஸ்ட், சார்ஜர் | வாரன்டி இல்லை |
| கார்டு இல்லாதது | 45–60 ஆயிரம் | ரேமிலிருந்து பங்கு | கிட்டத்தட்ட இல்லை | பெயரைப் பார்த்து ஏமாறுவது |

நான்குக்கும் பொதுவான செலவு ஒன்று உண்டு: மவுஸ், ஹெட்செட். டச்பேடில் ஷூட்டர் ஆட முடியாது. ஹாஸ்டல்வாசிகளுக்கு இன்னொன்று: நெட். தினம் 2 ஜிபி பிளானில் 90 ஜிபி கேமை இறக்க ஒன்றரை மாசம் ஆகும். ஊருக்கு வரும்போது வீட்டு பிராட்பேண்டில் இறக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## தூக்கிக்கொண்டு போகவே போவதில்லையா?

அப்படியானால் டெஸ்க்டாப். 8 ஜிபி ரேடியான் ஆர்எக்ஸ் 6600 அல்லது 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 போட்டுக் கட்டினால், மேலே சொன்ன நான்கு வழிகளில் எந்த லேப்டாப்பும் பக்கத்தில் நிற்காது. மானிட்டரையும் சேர்த்து இந்த பட்ஜெட்டை ஒட்டி வரும். ரேம் விலைதான் இப்போது கணக்கை இடிக்கிறது. கரன்ட் போகும் ஊரில் யூபிஎஸ்ஸும் வேண்டும். 600 விஏ யூபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட், கேம் நடுவில் கரன்ட் போனால் சேவ் செய்து அணைக்கத்தான் நேரம் இருக்கும். மின்கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம்: 350 வாட், தினம் மூன்று மணி நேரம், இரண்டு மாசத்துக்கு 63 யூனிட். லேப்டாப் என்றால் 36 யூனிட் வரும்.

## வாங்கிய முதல் வாரம்

ஆன்லைனில் வாங்கினால் அட்டைப்பெட்டியை வெட்டுவதிலிருந்து நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். மாற்றித் தரும் கெடு ஒரு வாரம்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, முதல் ராத்திரியே அந்த கண்ட்ரோல் பேனலில் வாட்டைப் பாருங்கள், திரையை முழுக் கறுப்பிலும் முழு வெள்ளையிலும் வைத்து புள்ளி செத்திருக்கிறதா பாருங்கள், ஒரு கேமை இரண்டு மணி நேரம் ஓட விடுங்கள். எக்ஸ்டெண்டட் வாரன்டி வேண்டுமென்றால் முதல் வருஷம் முடியும் முன்பே எடுத்துவிட வேண்டும். அதற்கு முன் உங்கள் மாவட்டத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, மதுரைக்கோ கோவைக்கோ பஸ் ஏற வேண்டுமா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அந்த அட்டைப்பெட்டியை அம்மா பழைய பேப்பர்காரரிடம் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷமாவது பரண் மேல் கிடக்கட்டும்.